எஸ்பிரெஸோ மெஷினில் நீரோட்டத்தை அடக்க: டிம்மரா, ஊசி வால்வா, முழு கன்ட்ரோலரா?

காஜியா கிளாசிக் என்ற வீட்டு எஸ்பிரெஸோ மெஷினை வாங்கியவர்கள் கொஞ்ச காலத்தில் வந்து நிற்கிற இடம் இது. பட்டனைத் தட்டியதும் பம்ப் முழு மூச்சில் தண்ணீரைத் தள்ளுகிறது. தூள் சரியாக நனைவதற்கு முன்பே அழுத்தம் உச்சிக்குப் போய்விடுகிறது. எங்கே கொஞ்சம் தளர்வாக இருக்கிறதோ அங்கே தண்ணீர் வழி பண்ணிக்கொண்டு ஓடிவிடும். அந்த இடம் கசக்கும், மீதி இடம் புளிக்கும், இரண்டும் ஒரே கோப்பையில் விழும்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. பம்புக்குப் போகிற மின்சாரத்தை டிம்மரால் குறைக்கலாம். தண்ணீர் போகிற பாதையில், ஊசி முனையால் ஓட்டத்தைக் குறுக்குகிற ஊசி வால்வு வைக்கலாம். இல்லையென்றால் காஜுயினோ மாதிரி, நாமே பொருத்துகிற ஒரு மின்னணு கன்ட்ரோலரிடம் மெஷினையே ஒப்படைத்துவிடலாம். நான் டிம்மர் போட்டவன், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில், யாருக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நல்ல கறுப்பு வறுவலில் பால் ஊற்றிக் குடிப்பவர்களுக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. அரவை இயந்திரம் சுமாராக இருந்தால் பணத்தை அதில் போடுங்கள். அப்புறம் ஓபிவி ஸ்பிரிங். கூடுதல் அழுத்தத்தைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிற அந்த வால்வு, பழைய கிளாசிக் மெஷின்களில் 9 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேலேதான் திறக்கும். 2023-ல் வந்த கிளாசிக் ஈவோ ப்ரோ மாடலில் கம்பெனியே 9 பாருக்குக் குறைத்துவிட்டது. உங்களுடையது பழையது என்றால் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு மற்றதை யோசியுங்கள். செலவு சொற்பம், பலன் உடனே தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1940-களின் கடைசியில் அக்கீலே காஜியா கொண்டுவந்த லீவர் மெஷின்களில் ஸ்பிரிங் விரிய விரிய அழுத்தம் தானாகவே இறங்கும். 1961-ல் ஃபாயெமா நிறுவனத்தின் இ61 என்ற மெஷின் பம்போடு வந்த பிறகு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே 9 பார் என்பது வழக்கமாகிவிட்டது. அந்த இறக்கத்தைத் திரும்பக் கொண்டுவரத்தான் இன்றைக்கு நாம் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, டிம்மர். கிளாசிக்கில் இருப்பது உல்கா அதிர்வு பம்ப். உள்ளே ஒரு டயோடு இருப்பதால் மின்அலையின் ஒரு பாதியில் மட்டும் பிஸ்டனை இழுக்கும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 50 தட்டு. டிம்மர் அந்த அலையின் முன்பகுதியை வெட்டிவிடுகிறது. தட்டுகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க, ஒவ்வொரு தட்டின் பலமும் குறைகிறது. எனவே ஓட்டமும் அழுத்தமும் சேர்ந்தே இறங்குகின்றன.

வீட்டில் கிடக்கிற ஃபேன் ரெகுலேட்டரை மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று டக் டக்கென்று திரும்புகிற வகையில் உள்ளே இருப்பது கெப்பாசிட்டர். ஒரு பக்கமாக மட்டும் மின்சாரம் எடுக்கிற இந்தப் பம்போடு அதைத் தொடராக இணைத்தால், கெப்பாசிட்டர் நிரம்பி ஓட்டத்தையே நிறுத்திவிடும். எல்.இ.டி. பல்புக்கென்று விற்பதில் அலையின் பின்பகுதியை வெட்டுகிற வகை ஒன்று உண்டு. கம்பிச் சுருள் உள்ள பம்புக்கு அதுவும் ஆகாது. பழைய குண்டு பல்புக்கான, வழுக்கிக்கொண்டு திரும்புகிற டிரையாக் டிம்மர்தான் வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடத்தில் சுலபமாகக் கிடைக்கும்.

இணைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. காபி சுவிட்சிலிருந்து பம்புக்கும், மின்சாரத்தால் திறந்து மூடுகிற சொலினாய்டு வால்வுக்கும் சேர்ந்தே மின்சாரம் போகிறது. அது பிரிந்த பிறகு, பம்புக்கு மட்டும் போகிற கம்பியில்தான் டிம்மர் வர வேண்டும். பிரிவதற்கு முன்னால் போட்டால் சொலினாய்டும் குறைந்த மின்சாரத்தில் தவித்து ரீங்காரம் போடும். இது 230 வோல்ட் விவகாரம், பக்கத்திலேயே தண்ணீர் வேறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும், டிம்மரைக் கொதிகலனின் சூடு படாத இடத்தில் மூடிய பெட்டிக்குள் வைக்கவும். கைப்பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதில் வெட்கம் எதற்கு?

கூடவே ஒரு பிரஷர் கேஜும் வேண்டும். அது இல்லாமல் டிம்மரைத் திருகுவது குருட்டுத்தனம். பம்புக்கும் கொதிகலனுக்கும் நடுவில் ஒரு டி-இணைப்பு போட்டு கேஜை முகப்பில் வைத்தால் போதும். முதல் சொட்டுகள் தெரியும்வரை 2, 3 பாரில் விடுகிறேன். பிறகு 8, 9-க்கு ஏற்றுகிறேன். நிறம் வெளுக்கத் தொடங்கியதும் 5, 6-க்கு இறக்குகிறேன். முன்பு வைத்ததைவிட நைசாக அரைக்க முடிகிறது, இள வறுவலில் அந்த நாக்கைச் சுருக்குகிற புளிப்பும் அடங்கிவிட்டது.

ஊசி வால்வு இதைவிட நயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இ61 ஹெட் (தண்ணீர் காபித் தூளில் இறங்குகிற தலைப்பகுதி) உள்ள மெஷின்களுக்கு அதற்கான கிட்டே விற்கிறார்கள். லெலிட் பியாங்கா என்ற மெஷினில் கம்பெனியிலிருந்தே துடுப்பு மாதிரி ஒரு கைப்பிடியோடு வருகிறது. பம்ப் தன் போக்கில் ஓட, ஊசி எவ்வளவு இடம் விடுகிறதோ அவ்வளவுதான் தண்ணீர். தெரிந்தவர் வீட்டு இ61-ல் சில தடவை போட்டுப் பார்த்ததில், கை சொன்னதை மெஷின் உடனே கேட்டது. டிம்மரில் அந்தத் துல்லியம் கிடையாது. அதைத் தாண்டிச் சொல்லுமளவு எனக்கு அதில் பழக்கமில்லை.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது தண்ணீர். எங்கள் வீட்டில் போர்வெல். கெண்டியின் அடியில் படிகிற வெள்ளைப் பூச்சைப் பார்த்தாலே மீதி புரியும். தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கரையாத கார்பனேட்டாக மாறிப் படிகிறது. இ61-ல் ஊசி உட்கார்ந்திருப்பது சூடான ஹெட்டுக்குள். அது விடுகிற இடைவெளியோ மில்லிமீட்டரில் ஒரு பங்கு. அங்கே மெல்லிய படலம் சேர்ந்தாலும் நேற்று வைத்த அளவு இன்று வேறாகிவிடும். ஊசியைக் கழற்றி, சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, ஓ-ரிங்கை மாற்றி, கிரீஸ் தடவித் திருப்பிப் பூட்டுவது ஒரு வழக்கமான வேலையாகிவிடும்.

கிளாசிக்கில் குளிர்ந்த தண்ணீர் பாதையில் வால்வை வைத்தால் உப்பு அவ்வளவாகப் படியாது, உண்மைதான். ஆனால் ஓபிவி கொதிகலன் மேல் இருக்கிற மாடல்களில் பம்புக்கும் ஓபிவிக்கும் நடுவே வால்வு வந்துவிடும். அதை இறுக்கினால் பம்ப் தப்பிக்க வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும், குழாய் இணைப்புகள்தான் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் போச்சு என்பார்கள். ஊற்றலாம். ஆனால் உப்பே இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும், அலுமினியக் கொதிகலனுக்கும் அது நல்லதல்ல. கேன் தண்ணீரோ, கம்பெனி மாறினால் கடினத்தன்மையும் மாறும். நான் ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலக்கிறேன், அப்படியும் உப்பு படியத்தான் செய்கிறது. டிம்மரைத் தண்ணீர் தொடுவதே இல்லை. டி-இணைப்பும் ஓட்டத்தைக் குறுக்குவதில்லை. நான் போட்ட பிறகு மெஷினின் பராமரிப்பில் புதிதாக ஒரு வேலைகூடச் சேரவில்லை.

காஜுயினோவைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. அழுத்த சென்சார், வெப்பநிலைக் கட்டுப்பாடு, பம்ப் கட்டுப்பாடு, திரை எல்லாம் ஒன்றாகச் சேரும். பிடித்த ஷாட்டை அப்படியே திரும்ப எடுக்கலாம். கிளாசிக்கின் தெர்மோஸ்டாட் அடிக்கிற வெப்ப ஊசலாட்டத்தை டிம்மர் தொடவே தொடாது; காஜுயினோ அதையும் அடக்கிவிடும். உதிரிகளைத் தேடி வாங்கி, சாலிடர் செய்து, மென்பொருள் ஏற்றுகிற வேலையில் சந்தோஷம் இருப்பவர்களுக்கு அதுதான் சரி. நம் ஊர்ப் புழுக்கத்தில், கொதிகலன் பக்கத்தில், அந்தப் பலகைகள் எத்தனை வருஷம் தாங்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

விற்கும்போது டிம்மரைக் கழற்றிப் பழைய கம்பியை மாட்டிவிடலாம். துளை போட்டுத் திரை பதித்த மெஷினை வாங்க, அதே கிறுக்கு பிடித்த ஆள் வேண்டும்.

டிம்மருக்கும் தொல்லை உண்டு. திருகின் அடிப்பகுதியில் பம்ப் முனகும், தண்ணீர் வராது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் அதே இடத்தில் வைத்த திருகு குறைந்த அழுத்தம்தான் தரும். அதனால்தான் திருகில் கோடு கிழித்து வைக்காமல், கேஜ் முள்ளைப் பார்த்துத் திருப்புகிறேன். ஏற்ற இறக்கம் அதிகமுள்ள தெருவாக இருந்தால், ஹீட்டரையும் சேர்த்துத் தாங்குகிற ஸ்டெபிலைசர் ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.