குதிரை உடம்பு தேற, கட்டுப்படியாகும் தீவனம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கொங்குப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் மாடும் இருக்கும். மாட்டுக்கு அறுக்கும் கோ-4 புல்லும், மாட்டுக்கு வாங்கும் தவிடும் அப்படியே லாயத்துக்கும் போகும். கைக்காசு அதிகம் செலவாகாது, குதிரையும் முதல் சில மாதம் பளபளப்பாகவே இருக்கும். பிறகுதான் தொல்லை. இன்று முன்னங்கால், நாளை பின்னங்கால் என்று மாறி மாறி நொண்டும். அடிபட்ட தடயமே இருக்காது. இன்னும் விட்டால் கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபுறமும் புடைத்துக்கொள்ளும், பல் ஆடும்.

காரணம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கம்பு நேப்பியர் (கோ-4 இந்த வகைதான்), கினியா, கொழுக்கட்டைப் புல் வகைகளில் ஆக்சலேட் என்னும் பொருள் உண்டு. மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. அது சிறுகுடலில்தான் கால்சியத்தை உறிஞ்சும், அங்கேயே ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தவிடு இதோடு சேர்ந்தால் நிலைமை மோசம். 1 கிலோ கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் 11 கிராம், கால்சியமோ ஒன்றரை கிராம்கூட இருக்காது. இந்தக் கணக்கைச் சரிக்கட்ட உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கிறது. மாட்டுக்கு நல்லது குதிரைக்கும் நல்லது என்ற நினைப்பில் மிச்சம் பிடிக்கும் காசு இப்படித்தான் திரும்பப் போகிறது.

தவிடு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நாளைக்கு அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். அந்த அரை கிலோவுக்குத் தீவனத் தரக் கால்சியம் கார்பனேட் தூள் 20 கிராம் கலக்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல, அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். அரிசித் தவிட்டில் எண்ணெய்ச் சத்து நன்றாகவே உண்டு, ஆனால் ஆலையிலிருந்து வந்த சில நாளிலேயே சிக்கு வாடை அடித்துவிடும். வாடை வந்த மூட்டையைக் குதிரைக்கு வைக்காதீர்கள்.

உலர் தீவனத்தில் எங்கள் முதல் தேர்வு நிலக்கடலைக் கொடி. கால்சியம் தவிட்டைவிடப் பல மடங்கு, புரதமும் வைக்கோலைவிட மிக அதிகம், அறுவடைக் காலத்தில் வண்டிக் கணக்கில் கிடைக்கும். இரண்டு குறைகள்: மண், பூஞ்சை. மண்ணோடு தின்றால் பெருங்குடலில் மணல் படிந்து வயிற்றுவலி வரும். வேரை வெட்டி, கொடியைத் தட்டி உதறி, தொட்டியில் வையுங்கள், தரையில் போடாதீர்கள். மழையில் நனைந்து கறுத்த கொடியின் தூசு நுரையீரலைப் பிடிக்கும். இருமல் தொடங்கிவிட்டால் தீவனத்தை மாற்றாமல் எந்த மருந்துக்கும் நிற்காது. வைக்கோல் வாய்க்கு வேலை கொடுக்கும், உடம்பைத் தேற்றாது. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்கு அது குடலில் அடைத்துக்கொள்ளவும் செய்யும்.

பச்சையில் குதிரை மசாலுக்கு (லூசர்ன்) ஈடில்லை. பெயரிலேயே குதிரை இருக்கிறது. விலை அதிகம் என்று ஒதுக்குபவர்கள் ஈரத்தைக் கழித்துக் கணக்குப் போடுவதில்லை. நேப்பியர் புல்லில் 80 சதவீதம் தண்ணீர். கிலோ 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உலர்ந்த எடைக்கு அது கிலோ 20 ரூபாய். அதோடு ஒப்பிட்ட பிறகு எது மலிவு என்று பாருங்கள். அறுகம்புல் கிடைத்தால் அதுவும் நல்ல தீனி, ஆக்சலேட் குறைவு. சவுண்டல் (சூபாபுல்) தழை மட்டும் வேண்டாம். அதிலுள்ள மைமோசின் பிடரி மயிரையும் வால் மயிரையும் கொட்ட வைக்கும். இளஞ்சோளப் பயிரும் ஆகாது, வாடிய பயிர் இன்னும் ஆபத்து.

இனி கொள்ளு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது குதிரைக்கும் பொருந்தும். கொள்ளில் புரதம் 22 சதவீதம் அளவில் உண்டு, எண்ணெய்ச் சத்து மிகக் குறைவு. தசைக்கு உதவும், ஆனால் இளைத்த குதிரைக்குக் கொள்ளை மட்டும் கூட்டினால் விலா மூடாது. இரவு ஊறவைத்து, விரலால் நசுங்கும் வரை வேகவைக்க வேண்டும். பச்சையாகக் கொடுத்தால் புரதம் சரியாகச் செரிக்காது. கோடையில் காலையில் வேகவைத்தது மாலைக்குள் புளித்துவிடும், எனவே வேளைக்கு வேளை வேகவையுங்கள்.

எடை ஏற்றுவதில் கைகொடுப்பது தேங்காய்ப் புண்ணாக்கு. செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சமிருக்கும், மாவுச்சத்து குறைவு, குதிரை துள்ளாமல் உடம்பு போடும். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் வாங்குவது எளிது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். உடைத்தால் பச்சை, கறுப்புப் பூஞ்சை தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். கடலைப் புண்ணாக்கிலும் இதே பூஞ்சை நஞ்சு (அஃப்ளாடாக்சின்) பயம் உண்டு. மொத்தமாக வாங்குபவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம்.

மக்காச்சோளத்தில் நடக்கும் தவறு படியால் அளப்பது. ஓட்ஸ் ஒரு படிக்குப் பதில் மக்காச்சோளம் ஒரு படி போட்டால் எடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தராசுதான் சரி. 350 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு அரை கிலோவே உச்சவரம்பு. மிஞ்சிய மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிற்றுவலியிலோ குளம்பு அழற்சியிலோ முடியும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் மூளையையே கூழாக்கிக் கொன்றுவிடும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கோழித் தீவனத்தில் சேரும் மொனென்சின் என்ற மருந்து குதிரைக்குச் சிறிதளவே உயிர்கொல்லி. மாட்டுத் தீவனத்திலும் அது இருக்கக்கூடும். கோழித் தீவன மூட்டையை லாயத்துக்குள்ளேயே விடாதீர்கள்.

350 கிலோ எடை, தினம் ஒரு மணி நேரம் லேசான சவாரி. இந்தக் குதிரைக்குப் பல மாதம் நிலையாக நின்ற அளவு: நிலக்கடலைக் கொடி 3 கிலோ, முற்றிக் காய்ந்த சோளத்தட்டை இரண்டரை கிலோ, பச்சைக் குதிரை மசால் 4 கிலோ, கொள்ளு முக்கால் கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு அரை கிலோ, தவிடு அரை கிலோ, கால்சியம் தூள் 20 கிராம், கல்லுப்பு 30 கிராம். கொள்ளும் புண்ணாக்கும் ஊறவைக்கும் முன் உள்ள எடை. அடர்தீவனத்தை (கொள்ளு, புண்ணாக்கு, தவிடு) இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, தட்டையோ கொடியோ தின்ற பிறகே வைக்க வேண்டும். தண்ணீர் எப்போதும் எதிரில் இருக்கட்டும், கோடையில் 40 லிட்டரையும் தாண்டும். இன்னும் சதை வேண்டுமென்றால் 30 மில்லி சமையல் எண்ணெயில் தொடங்கி மூன்று வாரத்தில் 150 மில்லிக்குக் கொண்டுபோங்கள். மற்ற எந்த மாற்றமும் 7 முதல் 10 நாளில் மெதுவாக.

எடைமேடை இல்லாவிட்டாலும் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 165, நீளம் 150 என்றால் சுமார் 344 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் தீனிக்கு முன் அளந்து பாருங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், பத்து நாளில் தீவனத்தைக் குறை சொல்லாதீர்கள்.

இத்தனை கொடுத்தும் ஏறவில்லையென்றால் தீவனத்தைக் கூட்டும் முன் வாயையும் லத்தியையும் பாருங்கள். மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுந்தாலோ, லத்தியில் நீள நார் தெரிந்தாலோ பல் முனை ராவ வேண்டும். லத்தியில் புழு முட்டை எண்ணிக்கை பார்த்து, டேப்பில் வந்த எடைக்கு மருந்தளவு கேளுங்கள்.

பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வந்த குதிரைக்கு மேலே சொன்ன அளவு எதுவும் ஆகாது. இரக்கப்பட்டு முதல் நாளே கொள்ளும் மக்காச்சோளமும் வைத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து சில நாளில் இறந்துபோகலாம். முதல் 3 நாள் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ந்த குதிரை மசால் அரை கிலோ, அவ்வளவுதான். அடுத்த ஒரு வாரத்தில் அளவைக் கூட்டி வேளையைக் குறைத்து, 10 நாளுக்குப் பிறகு அதையே வேண்டிய மட்டும் தின்ன விடுங்கள். கால்நடை மருத்துவர் கூடவே இருக்கட்டும். கொள்ளு அதற்கும் பிறகுதான்.