கேம் தியரிக்குத் துணையாக எந்த கோர்ஸ்: யேலா, ஸ்டான்ஃபோர்டா?

எம்.ஏ. பொருளாதாரத்தில் கேம் தியரியை (ஒருவர் எடுக்கும் முடிவின் பலன் மற்றவர்கள் முடிவையும் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராயும் பாடம்) விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் பலர், வகுப்போடு சேர்த்து இணையத்திலும் ஒரு கோர்ஸைப் பிடித்துக்கொள்வது வழக்கம். எங்கள் வகுப்பில் போட்டி இரண்டுக்கு நடுவில்தான் இருந்தது. ஒன்று, யேல் பல்கலைக்கழகத்தில் பென் பொலாக் 2007-இல் நடத்தி, அப்படியே வீடியோவாகப் பதிவான ஈகான் 159 என்ற கோர்ஸ். மற்றது, ஸ்டான்ஃபோர்டும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் தருவது. மேத்யூ ஜாக்சன், யோவ் ஷோஹம், கெவின் லெய்ட்டன் பிரவுன் மூவரும் பாடம் எடுக்கிறார்கள். நான் முழுதாக முடித்தது யேல். ஸ்டான்ஃபோர்டில் முதல் சில வாரங்களும் கடைசிப் பகுதியும் பார்த்திருக்கிறேன். என் ஓட்டு யேலுக்குத்தான்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். யேலில் 24 வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம். இலவசம், பயிற்சிக் கணக்குகளும் விடைகளும் உண்டு, சான்றிதழ் கிடையாது. ஸ்டான்ஃபோர்டில் சின்னச் சின்ன வீடியோக்கள், வாராவாரம் வினாக்கள், பணம் கட்டினால் சான்றிதழ். பஸ்ஸில் போகும்போது பார்க்க இதுதான் வசதி. சான்றிதழ் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: பொலாக் முதலில் ஆட்டத்தை ஆடவிடுகிறார், தேற்றம் அப்புறம்தான் வருகிறது. ஓர் எண் விளையாட்டு. 1 முதல் 100 வரை எல்லோரும் ஓர் எண்ணை எழுத வேண்டும். மொத்தச் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு யார் எண் நெருக்கமோ அவருக்குப் பரிசு. சராசரி 100-ஐத் தாண்டாது, ஆகவே வெல்லும் எண் 67-ஐத் தாண்டாது. அப்படியானால் 67-க்கு மேல் எவரும் எழுத மாட்டார்கள் என்றால், 45-க்கு மேலும் எழுதுவதில் பயனில்லை. இப்படியே இறங்கிக்கொண்டே போனால் 1-இல் வந்து நிற்கும். காகிதத்தில் கணக்கு முடிந்தது. ஆனால் அந்த வகுப்பில் 1 எழுதியவர் ஜெயிக்கவில்லை. எல்லோரும் புத்திசாலிகளாக இருப்பது வேறு. எல்லோரும் புத்திசாலிகள் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதும், அப்படித் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருப்பதும் வேறு. பாடப்புத்தகத்தில் இந்த வித்தியாசம் ஒரு வரியில் போய்விடும். விடுதியில் நண்பர்களோடு இதையே ஆடிப் பார்த்தபோது, பக்கத்து அறைக்காரன் என்ன எழுதுவான் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் எனக்கு அது உறைத்தது.

முதலீட்டு ஆட்டமும் அப்படித்தான். பத்து டாலர் போடலாம், போடாமலும் இருக்கலாம். வகுப்பில் 90 சதவீதம் பேர் போட்டால் போட்டவருக்கு ஐந்து டாலர் லாபம், இல்லையென்றால் பத்தும் போச்சு. எல்லோரும் போடுவதும் நாஷ் சமநிலை (மற்றவர்கள் மாறாதவரை, தான் மட்டும் முடிவை மாற்றி யாருக்கும் லாபமில்லாத நிலை), யாருமே போடாததும் நாஷ் சமநிலை. திரும்பத் திரும்ப ஆடும்போது போடுபவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நல்ல வங்கியும் வதந்தியால் ஏன் கவிழ்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. 'வாருங்கள், எல்லோரும் போடலாம்' என்று ஒருவர் எழுந்து சொன்னாலே இங்கே நிலைமை மாறலாம். கைதிகளின் சிக்கலில், அதாவது மற்றவர் என்ன செய்தாலும் காட்டிக்கொடுப்பதே தனக்கு லாபம் என்றிருக்கும் ஆட்டத்தில், எவ்வளவு பேசினாலும் மாறாது. இரண்டையும் ஒரே வகுப்பறையில் பார்த்தபின் குழப்பம் வராது. ஸ்டான்ஃபோர்டில் ஆசிரியர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். விளக்கம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் தவறான பதில் சொல்ல அங்கே மாணவர்கள் இல்லை, அந்தத் தவறுகளிலிருந்துதான் நான் அதிகம் கற்றேன்.

தேர்வுக்கு வருவோம். கலப்பு உத்தியில், அதாவது எதை ஆடுவது என்பதை ஒரு நிகழ்தகவுப்படி மாற்றி மாற்றி ஆடுவதில், மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான்: என் நிகழ்தகவைக் கண்டுபிடிக்க நான் எதிராளியின் பலன்களைச் சமப்படுத்த வேண்டும், என்னுடையதை அல்ல. பொலாக் இதை வீனஸ், செரீனா வில்லியம்ஸ் டென்னிஸ் ஆட்டமாகப் போடுகிறார். செரீனாவின் பேக்ஹேண்ட் தேறினால் வீனஸ் அந்தப் பக்கம் குறைவாக அடிக்கிறார். அதனால் செரீனாவும் அந்தப் பக்கம் குறைவாகச் சாய்கிறார். ஒரு கை வலுத்த பிறகு அதையே குறைவாக நம்பி நிற்பது முதலில் விசித்திரமாகப் படும். கணக்கை ஒருமுறை கையால் போட்டுவிட்டால் தேர்வில் எண்களை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் பயம் இருக்காது. ஸ்டான்ஃபோர்டில் இதே இடத்துக்குக் கால்பந்து பெனால்ட்டி கிக் வருகிறது. அதுவும் நன்றாகவே இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு தெளிவாக முந்துவது கூட்டணி ஆட்டங்களில். சேர்ந்து சம்பாதித்ததை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் ஷாப்லி மதிப்பு யேல் பாடத்திட்டத்தில் கிடையாது. உங்கள் தாளில் அது இருந்தால் அந்த வாரத்தை மட்டும் இங்கே பார்த்துவிடுங்கள். வரையறைகளும் இங்கே கறாராக இருக்கும், காரணம் மூவரில் இருவர் கணினி அறிவியல்காரர்கள். ஏலம், பொறிமுறை வடிவமைப்பு (விரும்பிய முடிவு வரும்படி ஆட்டத்தின் விதிகளை வகுப்பது) என்று போக நினைப்பவர்களுக்கு இதன் இரண்டாம் பாகம் இருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றி என் வார்த்தையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். திரும்ப ஆடும் ஆட்டங்கள் எந்தக் கோர்ஸில் நன்றாக இருக்கிறது என்பதையும் இரண்டையும் முழுதாக முடித்த ஒருவர்தான் சொல்ல வேண்டும். நான் யேலில் படித்ததை வைத்தே தேர்வு எழுதினேன், அது போதுமானதாக இருந்தது.