ரோட்டரி எஞ்சின் முடிந்துவிட்டது என்றால், ஆறு எண்களைக் கேளுங்கள்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் மஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தப் பதிவு. உங்கள் காரைப் பார்த்துவிட்டு ஒரு கராஜ்காரர் “கம்ப்ரெஷன் இல்லை, எஞ்சினைத் திறக்க வேணும்” என்று சொன்னால், ஆறு எண்கள் எழுதிய தாளைக் கேளுங்கள். ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு சுற்றும். அவை உள்ளே காற்றை எவ்வளவு அழுத்துகின்றன என்பதுதான் கம்ப்ரெஷன், அந்த எண்கள் முன் ரோட்டருக்கு மூன்று, பின் ரோட்டருக்கு மூன்று. அந்தத் தாள் இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். 9,800 டொலரும் அதற்குமேல் 13 வீத வரியும் கட்டி, யாரும் திறந்தே பார்க்காத எஞ்சினை “ரீபில்ட்” (பிரித்துப் புதுசாகக் கட்டியது) என்று வாங்கிவந்தவன் சொல்கிறேன்.

கராஜின் பெயரை எழுதவில்லை. சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம். அவர்கள் செய்த விதத்தை எழுதினால் போதும், வேறு யாரிடமும் இதே விதத்தில் நடக்கலாம்.

என்னுடையது 1996 ஆம் ஆண்டு எஃப்டி, அதாவது மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7, ஜப்பானிலிருந்து இறக்கியது, வலப்பக்க ஸ்டியரிங். கனடாவில் 15 வருடம் தாண்டிய கார் என்றால் இங்கத்தைய தயாரிப்புப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமலே இறக்கலாம். அமெரிக்காவில் 25 வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் இந்தக் கார்கள் இங்கே முன்கூட்டியே வந்துவிட்டன, ஆனால் அவற்றைத் தொட்டுப் பழகிய மெக்கானிக்குகள் அந்த அளவுக்கு வரவில்லை. பிஸ்டன் எஞ்சினில் முப்பது வருட அனுபவம் உள்ள நல்ல மெக்கானிக்குக்கும் ரோட்டரி வேறு உலகம். அந்த இடைவெளியில்தான் பொய்க்கு இடம் கிடைக்கிறது.

என் காரில் இருந்த கோளாறு இதுதான். எஃப்டியில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இரண்டு. குறைந்த வேகத்தில் ஒன்று மட்டும் வேலை செய்யும், 4,500 ஆர்பிஎம் அளவில் இரண்டாவது சேரும். சரியாக இருக்கும் காரில் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், 10 பிஎஸ்ஐ வரை ஏறி, இரண்டாவது சேரும் நேரத்தில் 8 வரை இறங்கி, திரும்பவும் 10 க்கு வரும். என் காரில் 4,500 இல் பூஸ்ட் மீற்றரின் ஊசி பாதிக்கு விழுந்து அங்கேயே நின்றது. நின்ற இடத்தில் ஓடும்போதும் எஞ்சின் கொஞ்சம் தடுமாறியது. அதைத் தவிர 4,500 க்குக் கீழே காரில் வேறு ஒரு குறையும் இல்லை.

எஃப்டியோடு பழகிய யாரிடம் இதைச் சொன்னாலும் முதலில் வேக்யூம் ஹோஸ்களைத்தான் பார்க்கச் சொல்வார்கள். இந்த இரண்டு டர்போக்களையும் மாற்றி மாற்றி ஆட்டுவிப்பது எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் இன்டேக் மனிஃபோல்டுக்கு அடியில் பின்னிக்கிடக்கும் மெல்லிய ரப்பர் ஹோஸ்களும், மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினொயிட் வால்வுகளும்தான். டர்போவின் சூட்டில் வருடக்கணக்காக வெந்து அந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும், பிறகு வெடிக்கும், கழன்றுபோகும். ஒரு ஹோஸ் கழன்றாலே இரண்டாவது டர்போ வராது.

கராஜில் அதைத் தொடவேயில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சாதாரண கம்ப்ரெஷன் கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஊசி 105 இல் நின்றது. “தம்பி, நல்ல எஞ்சின் எண்டால் 160, 170 வரவேணும். இது முடிஞ்சுது. ஏபெக்ஸ் சீல் எல்லாம் போயிட்டுது. இனி ஓட்டினால் ஹவுசிங்கையும் கீறிப்போடும்” என்றார் முதலாளி. ஏபெக்ஸ் சீல் என்பது ரோட்டரின் மூன்று முனைகளிலும் அழுத்தம் கசியாமல் அடைக்கும் பட்டை, ஹவுசிங் என்பது அது உரசிச் சுற்றும் கூடு. கண்ணால் பார்க்கும் ஊசி, பயப்படுத்தும் எண், கனிவான குரல்.

அந்த 105 ஐப் பற்றி இப்போது விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மோசடி முழுவதும் அதில்தான் இருக்கிறது. 160, 170 பிஎஸ்ஐ என்பது பிஸ்டன் எஞ்சினின் கணக்கு. எஃப்டியில் இருக்கும் 13பி எஞ்சினுக்கு மஸ்டாவின் சேவைக் கையேடு சொல்வது 250 ஆர்பிஎம்மில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 120 பிஎஸ்ஐ. குறைந்தபட்ச எல்லை 7.0 கிலோ, ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ. ஆகவே 105 என்பது பழைய எஞ்சின், ஆனால் எல்லைக்குள் இருக்கும் எஞ்சின்.

அதைவிட முக்கியமான விஷயம், அந்தக் கேஜால் ரோட்டரியை அளக்கவே முடியாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்று அறை, மூன்று ஏபெக்ஸ் சீல். கேஜில் உள்ள ஒருவழி வால்வு மூன்று முகங்களில் மிகக் கூடிய அழுத்தத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முகம் செத்திருந்தாலும் மற்ற இரண்டும் அதை மறைத்துவிடும். பற்றரி சோர்ந்திருந்தால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், எண்ணும் விழும். இதற்கென்றே ரோட்டரி கம்ப்ரெஷன் டெஸ்டர் இருக்கிறது. எஞ்சினைச் சூடாக்கி, பெற்றோலையும் தீப்பொறியையும் நிறுத்தி, அக்சிலரேற்றரை முழுவதும் அமத்திக்கொண்டு சுற்றினால், மூன்று முகங்களையும் தனித்தனியே, எந்த வேகத்தில் சுற்றியது என்பதோடு சேர்த்துக் காட்டும். அதை 250 ஆர்பிஎம்முக்குத் திருத்தி எழுதுவார்கள். முகங்களுக்கிடையே வித்தியாசம் 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது. ரோட்டரி வேலை எடுக்கிறேன் என்று சொல்லும் கராஜில் இந்தக் கருவி இல்லையென்றால் அங்கே காரை விடாதீர்கள்.

அன்று நான் ரீபில்டுக்கு ஒப்புக்கொண்டேன். காசாகத் தந்தால் வரி வேண்டாம் என்றார்கள். நான் பில் கேட்டேன். பில்லில் இரண்டு புது ரோட்டர் ஹவுசிங், புது ஏபெக்ஸ் சீல், கூலன்ட் சீல், கேஸ்கெட் என்று எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டேன். ஒரு பையில் கருகி முனை உடைந்த ஏபெக்ஸ் சீல்களைத் தந்தார்கள். “பாருங்கோ தம்பி, எப்பிடி இருந்திருக்குது எண்டு.” ஹவுசிங்கைக் கேட்டதற்கு, திருப்பி அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

கார் கைக்கு வந்தது நவம்பரில். இங்கே உள்ளவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். வீதியில் உப்புக் கொட்டத் தொடங்கும் நேரம், இப்படியான காரை யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள். அதோடு, புது சீல்கள் படியும்வரை முதல் 2,000 கிலோமீற்றருக்கு 4,000 ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். உண்மையாகவே ரீபில்ட் செய்த எஞ்சினுக்கு அது நியாயமான அறிவுரைதான். என் கோளாறு தலைகாட்டுவதோ 4,500 இல். ஒன்ராறியோவில் திருத்தவேலைக்குச் சட்டப்படி உள்ள குறைந்தபட்ச உத்தரவாதம் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது. கார் பனிக்காலம் முழுவதும் கராஜுக்குள் தூங்கியது, 90 நாளும் ஓடிப்போனது.

வசந்தத்தில் சொன்ன தூரத்தைச் சொன்னபடியே ஓட்டி முடித்துவிட்டு முதல்முறையாக 4,500 ஐத் தாண்டினேன். ஊசி பாதிக்கு விழுந்து அங்கேயே நின்றது. கராஜுக்குப் போனால், “அது டர்போ, எஞ்சின் இல்லை. உத்தரவாதமும் முடிஞ்சுது. டர்போ ரெண்டும் மாத்த வேணும்” என்று அடுத்த விலையைச் சொன்னார்கள்.

அப்புறம்தான் ஹமில்டன் பக்கம் ரோட்டரி மட்டுமே செய்யும் ஒருவரிடம் காரை ஏற்றிக்கொண்டு போனேன். அவர் முதலில் கையில் எடுத்தது அந்த டெஸ்டரை. முன் ரோட்டர் 7.6, 7.5, 7.6. பின் ரோட்டர் 7.3, 7.2, 7.4. எல்லாம் எல்லைக்குள், எல்லாம் சமமாக. புது சீல் இன்னும் படியவில்லை, அதனால்தான் எண் குறைவு என்று கராஜ்காரர் சொல்லக்கூடும் என்பதால், சின்னக் கமெராவைப் பிளக் துவாரத்துக்குள் விட்டுப் பார்த்தார். ரோட்டர் முகமெல்லாம் தடித்த கரி. ஹவுசிங்கின் குரோம் பூச்சு ஓரத்தில் உரிந்து கிடந்தது. சில ஆயிரம் கிலோமீற்றர்தான் ஓடிய புது ஹவுசிங் அப்படி இருக்காது.

பிறகு காரை உயர்த்தினார். ரோட்டரி எஞ்சின் என்பது தட்டு, ஹவுசிங், தட்டு, ஹவுசிங், தட்டு என்று சான்ட்விச் மாதிரி அடுக்கி நீளமான போல்ட்டுகளால் இறுக்கியது. திறக்க வேண்டுமானால் அந்த அடுக்கைப் பிரித்தே ஆகவேண்டும். என் எஞ்சினில் அடுக்குகள் சேரும் கோடுகளின்மேல் பழைய எண்ணெய்க் கறை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை அறாமல் ஓடியது. ஒவ்வொன்றையும் திகதியோடு படம் எடுத்துத் தந்தார்.

அந்தப் பையையும் கொடுத்தேன். சீல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர், உடனே தன் மேசையிலிருந்த எஃப்டி சீலோடு ஒப்பிட்டுக் காட்டினார். பையில் இருந்தவை உயரம் குறைந்தவை, ஆர்எக்ஸ்-8 இன் ரெனெசிஸ் எஞ்சினுக்குரியவை. அவை என் எஞ்சினுக்குள் ஒருநாளும் இருந்திருக்க முடியாது. யாரோ ஒரு ஆர்எக்ஸ்-8 காரருடைய உடைந்த சீலைக் காட்டி என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது இதுதான். முதலில் ஒரு பிழையான கணிப்பு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பையைத் தயார்செய்து கையில் தந்ததை எப்படிப் பிழை என்பது?

உண்மையான கோளாறு நினைத்த இடத்திலேயே இருந்தது. மனிஃபோல்டைக் கழற்றியபோது ஹோஸ்கள் கையோடு உடைந்து வந்தன, ஒரு சொலினொயிட் இறுகிப்போயிருந்தது. எல்லா ஹோஸ்களையும் சிலிக்கோனுக்கு மாற்றி, அந்த ஒரு வால்வையும் மாற்றினார். கூலியோடு 1,400 டொலருக்குக் கொஞ்சம் மேலே. இப்போது பூஸ்ட் 10, 8, 10 என்று ஒழுங்காக வருகிறது, தடுமாற்றமும் நின்றுவிட்டது.

சட்டத்தில் எனக்குக் கைகொடுப்பதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, திருத்தவேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம், பில் அதைவிட 10 வீதத்துக்குமேல் கூடக் கூடாது. கழற்றிய பாகங்களைத் திருப்பித் தருவதாக அவர்களே சொல்லவேண்டும். உத்தரவாதம் முடிந்தது என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம்: பொய் சொல்லிச் செய்வித்த ஒப்பந்தத்தை, செய்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து முறிக்கலாம். நான் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன், மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் முறையிட்டேன். கராஜிலிருந்து பதில் இல்லை, அதனால்தான் வழக்கு. வரியில்லாமல் காசாகக் கொடுத்திருந்தால் புது ஹவுசிங் என்று எழுதிய அந்தத் தாள் இன்று என் கையில் இருந்திருக்காது.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் அண்மைக் காலத்தில் ஆர்எக்ஸ்-7 அல்லது ஆர்எக்ஸ்-8 எஞ்சினை “ரீபில்ட்” செய்வித்து, பழைய பாகம் என்று பையில் சீல் வாங்கியவர்கள் இருந்தால் அந்தப் பையை எறியாதீர்கள். முதலில் ரோட்டரி தெரிந்த ஒருவரிடம் சீலின் உயரத்தை அளப்பியுங்கள், பிளக் துவாரத்துக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பில்லிலும் படத்திலும் இதே கதை இருந்தால் எனக்கு எழுதுங்கள். முக்கியமாக, ஆர்எக்ஸ்-8 இன் சீல்களைக் கழற்றக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கிடைக்காத ஒருவர் எங்கோ இருக்கிறார். அவருடைய சீல்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.