ஹாங்காங் டிஸ்லெக்ஸியா சோதனை: நினைவாற்றலை எவ்வளவு அளக்கிறது?

சீன எழுத்துருவில் ஒலிக்கான துப்பு இருக்கும், ஆனால் முழுசாக நம்ப முடியாது. குதிரையைக் குறிக்கும் உருவத்தோடு பெண்ணுக்கான உறுப்பைச் சேர்த்தால் அம்மா. ஹாங்காங்கில் பேசும் கண்டோனியத்தில் இரண்டுமே ‘மா’தான், தொனி வேறு. இப்படி உருவம், ஒலி, பொருள் மூன்றையும் முடிச்சுப்போட்டு ஆயிரக்கணக்கில் மனத்தில் ஏற்ற வேண்டும். எனவே, ஹாங்காங் பிள்ளைகளுக்கு டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் உள்ள கற்றல் குறைபாடு) உண்டா என்று கண்டறியும் இந்தச் சோதனையில் முதலில் பார்க்க வேண்டியது நினைவாற்றல் பகுதியை. 2007-இல் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டாலும், ஆய்வுகள் பலவும் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின் மதிப்பெண்களை நம்பியே நடந்தவை. இங்கே பார்ப்பதும் அதைத்தான்.

மொத்தம் 12 உட்சோதனைகள். அவற்றில் நினைவுக்கு உரியவை சொற்களையும் பொருளற்ற அசைகளையும் கேட்டுத் திருப்பிச் சொல்பவை. அசைக்குத் தனி மதிப்பெண், வரிசைக்குத் தனி மதிப்பெண். இது நல்ல ஏற்பாடு: அசைகள் எல்லாம் வந்து வரிசை மட்டும் குலைகிற பிள்ளையை இது காட்டிக்கொடுத்துவிடும். ஒலிப்பதிவைத்தான் போட வேண்டும். சோதிப்பவர் தாமே வாசித்தால் வேகமும் தொனியும் மாறி மதிப்பெண் கெடும். வீட்டில் மாண்டரின் பேசும் பிள்ளைக்குக் கண்டோனிய அசைகளே அந்நியம் என்பதால், அங்கே குறையும் மதிப்பெண்ணை நினைவுக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது.

உள்ளூர் நெறியளவு, அதாவது ஹாங்காங் பிள்ளைகளின் மதிப்பெண்களை வைத்துச் செய்த ஒப்பீட்டு அட்டவணை, இருப்பது பெரிய பலம். கண்டோனிய எண்பெயர்கள் ஓரசைச் சொற்கள், சட்டென்று சொல்லிவிடலாம்; அதனால் நினைவில் அதிகம் நிற்கும். ஆங்கிலப் பிள்ளைகளின் அட்டவணையை இங்கே பொருத்தினால், நினைவு பலவீனமான சீனப் பிள்ளைகூடச் சராசரியாகத் தெரியும்.

குறை, கேட்டதை அப்படியே ஒப்பிப்பதோடு நின்றுவிடுவது. எண்களைத் தலைகீழாகச் சொல்லும் பயிற்சி இல்லை. அதற்கு வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையின் ஹாங்காங் பதிப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய ஓட்டை, புது உருவத்தோடு புதுப் பெயரை இணைத்துக் கற்கும் திறனை அளக்காதது. டிஸ்லெக்ஸியா உள்ள சீனப் பிள்ளைகள் தடுமாறுவதாக ஆய்வுகள் காட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. இதை நீங்களே செய்து பார்க்கலாம்: பழக்கமில்லாத நாலு உருவங்கள், ஓரசையில் நாலு கற்பனைப் பெயர்கள். சில சுற்று பழக்கி, மறுநாள் கேளுங்கள். நெறியளவு கிடையாது என்பதால் முடிவை அறிக்கையில் மதிப்பெண்ணாகப் போடாமல் குறிப்பாக எழுதுங்கள்.

இனி முடிவு. உட்சோதனை மதிப்பெண்களைச் சேர்த்து எழுத்தறிவுக்கு ஒரு தொகுப்பும், நினைவு, வேகப் பெயரிடல் போன்ற அறிதிறன்களுக்குத் தனித்தனித் தொகுப்புகளும் உண்டு; சராசரி 10. எழுத்தறிவுத் தொகுப்பிலும், அறிதிறன் தொகுப்புகளில் ஒன்றிலாவதும் 7 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் டிஸ்லெக்ஸியா. நினைவுத் தொகுப்பு மட்டும் தாழ்ந்தால் போதாது. அது நன்றாக இருப்பதை வைத்துப் பிள்ளையை விட்டுவிடவும் முடியாது: ஹாங்காங் பிள்ளைகளிடம் அதிகம் தென்படுவது எண்களை வேகமாகப் பெயரிடுவதில் உள்ள தாமதம்தான்.