பட்டன் வைத்த இடுப்பு டேப்: வாங்கலாமா?

வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து, நுனியை டப்பாவின் பள்ளத்தில் மாட்டி, பட்டனை அழுத்தினால் தானாக இறுகும் டேப் இது. இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். தனியாக அளப்பவருக்கு ரொம்பச் சௌகரியம்.

குறை ஸ்பிரிங்கில்தான். உலக சுகாதார நிறுவனம் நீளாத, 100 கிராம் இழுவிசை மாறாத டேப்பைப் பரிந்துரைக்கிறது. மலிவு டேப்பில் ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால், தளர்ந்த தொப்பையில் பதிந்து அளவைக் குறைத்துக் காட்டும். கேட்கச் சந்தோஷமான தப்பு! தோலில் பள்ளம் விழுந்தால், அது மறையும் வரை டேப்பை வெளியே இழுத்துவிட்டுப் படியுங்கள்.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். எவர்சில்வர் அரிசி டின்னைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒட்டி, சேரும் இடத்தில் கோடு போட்டு, பிரித்து ஸ்டீல் ஸ்கேலில் அளங்கள். டேப் காட்டுவதும் அதுவும் அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் திருப்பி அனுப்பலாம்.

அளக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தொப்புளை நம்பக்கூடாது; தொப்பை சரியச் சரிய அதுவும் இறங்கும். விலாப்புறத்தில் விரலால் அழுத்தி கடைசி விலா எலும்பின் அடியிலும், இடுப்பெலும்பின் உச்சியிலும் பேனாவால் புள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே டேப். கால்களைச் சேர்த்து நின்று, இயல்பாக மூச்சை விட்ட முடிவில் படிக்க வேண்டும். முதுகுப்பக்கம் டேப் தொங்குகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இரண்டு முறை அளந்து 1 செ.மீ.க்கு மேல் மாறினால் மறுபடி.

இடுப்பளவுக்கு எல்லை தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ., ஐரோப்பிய ஆண்களுக்கு 94. உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது இன்னொரு கணக்கு. “பேண்ட் 34 தானே” என்பது செல்லாது. பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது.

இந்த எல்லை எதற்கு? குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, கல்லீரலில் கொழுப்பு படிகிறது. அந்தக் கொழுப்பைத் தோலடிக் கொழுப்பிலிருந்து பிரித்துக் காட்ட டேப்பால் முடியாது, அதற்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும்.

‘விசரல் ஃபேட்’ (குடலைச் சுற்றிய கொழுப்பு) 11 என்று காட்டும் எடை மெஷினும் அதைப் பார்ப்பதில்லை. அது உடம்பில் லேசான மின்னோட்டம் செலுத்திக் கணக்குப் போடுகிறது; பாதம் மட்டும் வைக்கும் மாடலில் அந்த மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. வயிற்றுக் கணக்கு வயது, உயரம், எடையை வைத்துப் போடும் சூத்திரம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது.

அளந்துவிட வீட்டில் ஆள் இருந்தால் டெய்லர் வைத்திருக்கும் ஃபைபர் டேப்பே போதும். துணி டேப் மட்டும் வேண்டாம், நாளாக நாளாக நீண்டுவிடும்.