சின்ன லேத் வாங்கப் போறீங்களா? சுத்திக் காட்டினா நம்பாதீங்க

மட்டக்களப்புக் கல்லடியில எங்கட பின்விறாந்தையில ஒரு பச்சை லேத், உலோகத்தைச் சுத்தவிட்டுக் கடையிற மெஷின், சும்மா நிக்கிது. 1,65,000 ரூபா. மாடல் எஞ்சின் செய்யிற ஆசையில லேத் தேடுற ஆக்கள் காசு குடுக்க முதல் இதை ஒருக்கா வாசிச்சிடுங்க.

நான் செய்ய நினைச்சது சிலிண்டரே ரெண்டு பக்கமும் ஆடுற குட்டி நீராவி எஞ்சின். தனி வால்வு இல்லை, ஆடுற ஆட்டத்திலேயே நீராவித் துளை திறந்து மூடும். ஆனா பிஸ்டன் சிலிண்டருக்குள்ள வழுக்கிப் போக வேணும், நீராவியும் கசியக்கூடாது. அதுக்குத்தான் லேத்.

சீனத்து ஏழங்குல மினி லேத் (ஏழு அங்குல விட்டத் துண்டுவரைக்கும் சுத்தும்), "ஆறு மாசம்தான் பாவிச்சது" எண்டு விளம்பரம். போய்ப் பார்த்தன். பெயின்ட் வாசம் இன்னும் போகல்ல. ஆறு மாசம் பாவிச்ச மெஷினுக்கு என்னத்துக்குப் புதுப் பெயின்ட்? அப்பவே கேட்டிருக்க வேணும். ஆள் சுவிச்சைப் போட்டார், துண்டைக் கவ்விப் பிடிக்கிற சக் சுத்திச்சு. "பாருங்க தம்பி, சத்தம் இருக்கா?" இல்லைதான். வெறும் சக் சுத்தினா எல்லா லேத்தும் நல்ல லேத்துதான்! "ஒரு பித்தளைத் துண்டு வெட்டிக் காட்டுங்க அண்ணன்" எண்டன். வெட்டுற டூல் தீட்டி வைக்கல்லையாம். நானும் தலையாட்டிப்போட்டு, காசை எண்ணிக் குடுத்து ஓட்டோவில ஏத்தினன். 40 கிலோ வரும், தூக்க ரெண்டு பேர் வேணும்.

முதல் பிஸ்டன் 30 மி.மீ. நீளம். மைக்ரோமீட்டர் வைச்சா ஒரு நுனிக்கும் மற்ற நுனிக்கும் 0.08 மி.மீ. வித்தியாசம். பாதி போய் இறுகிட்டு. என்ர கைப்பிழை எண்டு ரெண்டு கிழமை என்னையே ஏசிக்கொண்டு திரிஞ்சன்.

மறுகா டவுனில லேத் பட்டறை வைச்சிருக்கிற அண்ணன் ஒராள் வந்தார். அவர் ஒண்டும் வெட்டல்ல. பெட் எண்ட நீளத் தண்டவாளத்தில டூலைக் கொண்டு ஓடுற கேரேஜைச் சக் பக்கம் கொண்டுவந்து, அடியில இருக்கிற ஸ்குரூக்களை ஆட்டம் போகுமட்டும் இறுக்கினார். பிறகு மற்ற முனைக்கு ஓட்டினார். நடுவழியில இறுகி நிண்டுட்டு. "பெட் தேஞ்சிரிக்கி மனே. வேலை முழுக்கச் சக் பக்கம்தானே, அங்கதான் தேயும். இது ஆறு மாசத் தேய்வில்ல." ரெண்டு நிமிசம்கூட எடுக்கல்ல. சக்கைத் தாங்குற ஹெட்ஸ்டாக் கோணல் எண்டா நிமித்தலாம், பெட் தேஞ்சா அதைக் கிரைண்டிங் பண்ணி மட்டமாக்கத்தான் வேணும், அந்தச் செலவுக்கு வேற மெஷின் பார்க்கலாம்.

வெட்டிக் காட்டச் சம்மதிச்சா 25 மி.மீ. கம்பியை சக்கில இருந்து 75 மி.மீ. வெளிய விட்டு மெல்லிசா ஒரு வெட்டு வெட்டி ரெண்டு முனையையும் அளந்து பாருங்க. வித்தியாசம் 0.02 மி.மீ.க்கு மேல போனா அவசரப்படாதீங்க.

வித்தவர் "பல்லுச்சக்கரம் எல்லாம் இரும்பு" எண்டவர். உள்ள பிளாஸ்டிக். பொய்க்குத்தான் கோவம், பிளாஸ்டிக்குக்கு இல்லை. வெட்டேக்க டூல் சிக்கி இறுகினா அந்தப் பல்லு உடைஞ்சு மற்றதைக் காப்பாத்தும், மாத்துறதும் லேசு. கைப்பிடியில இருக்கிற டயலையும் பாருங்க. என்ரதில ஒரு சுத்துக்கு டூல் 1 மி.மீ. நகருது, ஆனா டயலில ஒரு கோடு ஆயிரத்திலொரு அங்குலம் எண்டு 40 கோடு. 1 மி.மீ. எண்டா அந்தக் கணக்கில 39.37 கோடுதான். எஞ்சின் வேலையில அந்த மிச்சம் சேர்ந்து சேர்ந்து கழுத்தை அறுக்கும்.

வித்த ஆளுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டன். "சின்ன மெஷின் அப்பிடித்தான் தம்பி" எண்டுட்டு வைச்சிட்டார்.

நேற்று அதே ஆளின்ர அடுத்த விளம்பரம் கண்டன். அதே பச்சைப் பெயின்ட். அதுவும் ஆறு மாசம்தானாம்.