95-ல் ஆடும் ஸ்டியரிங்: இரண்டு செட் டயர் ஓட்டியபின் சொல்வது

கார் 90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "அலைன்மென்ட் பாருங்க" என்பதுதான். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டிருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயரின் ஓரம் சீக்கிரம் மொட்டையாகும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து போகிற நடுக்கத்துக்கு அது நேரடிக் காரணம் ஆகாது. ஆனாலும் கடைக்குப் போனால் பில்லில் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

என்னுடையது பெட்ரோல் ஹேட்ச்பேக், டயர் அளவு 185/65 ஆர்15. வண்டியோடு வந்த டயர்கள் நாற்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர் தாண்டித் தேய்ந்ததும் நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றினேன். சேலம் ஊருக்குள் ஓட்டியவரை ஒரு குறையும் தெரியவில்லை. கோவைக்குப் போகும்போது சங்ககிரி தாண்டி வேகம் பிடித்தபிறகுதான் ஆரம்பித்தது. 85 வரை சுத்தம். 90-ல் ஸ்டியரிங்கில் ஒரு குறுகுறுப்பு. 95-லிருந்து 105 வரை உள்ளங்கை மரத்துப்போகிற அளவுக்கு நடுக்கம். முந்துவதற்காக இன்னும் கொஞ்சம் கூட்டினால் பாதியாக அடங்கிவிடும். நான்குவழிச் சாலையில் கார்களுக்கு மத்திய அரசு 2018-ல் வைத்த உச்ச வரம்பே 100 தான். சட்டப்படி நிம்மதியாகப் போக வேண்டிய வேகத்தில்தான் என் கார் மிக மோசமாக ஆடியது.

ஏன் அந்த வேகத்தில் மட்டும்? இந்த அளவு டயரின் விட்டம் ஏறக்குறைய 62 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்கு 1.95 மீட்டர் போகும். 100-ல் ஓடும்போது சக்கரம் நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. கார்களின் முன்சக்கரம், அதைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பான சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் சேர்ந்த அமைப்பு இயல்பாகவே ஆடத் துடிக்கும் வேகமும் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் சின்னக் குறையும் பெரிதாகத் தெரியும், தாண்டினால் அடங்கும். ரிம்மின் விளிம்பில் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தால், 100 கி.மீ. வேகத்தில் அது வெளியே இழுக்கும் விசை சுமார் 3 கிலோவுக்குச் சமம். 50-ல் அதில் கால்வாசிதான். ஊருக்குள் தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

டயர் வாங்கிய கடையில் மறுபடி பேலன்சிங் போட்டார்கள், அதாவது சக்கரத்தை மெஷினில் சுற்றிப் பார்த்து எடை குறைந்த இடத்தில் சின்ன வெயிட் ஒட்டுவது. "அண்ணா, நீங்களே பாருங்க, ரெண்டு பக்கமும் ஜீரோ காட்டுது. இனி சஸ்பென்ஷன்லதான் இருக்கணும்" என்றார் அந்தப் பையன். அவரைக் குறை சொல்ல முடியாது, மெஷின் சொன்னதைத்தான் சொன்னார். ஆனால் அந்த ஜீரோவை அப்படியே நம்பக் கூடாது. பல மெஷின்கள் 5 கிராமுக்குக் குறைவானதைக் காட்டாமல் 00 என்று போட்டுவிடும். அதைவிட முக்கியம், சக்கரத்தை மெஷினில் மாட்டும் கூம்பு. அதில் அழுக்கோ, ரிம்மின் நடு ஓட்டையில் துருவோ இருந்தால் சக்கரம் நடுவை விட்டு விலகி உட்காரும், வெயிட் தப்பான இடத்தில் ஒட்டப்படும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை மட்டும் அரைச்சுற்று திருப்பி மாட்டி மறுபடி சுற்றச் சொல்லுங்கள். அப்போதும் ஜீரோ வந்தால் பேலன்சிங் உண்மையிலேயே சரி. எனக்கு அப்போதும் ஜீரோதான் வந்தது. நடுக்கமும் அப்படியே இருந்தது.

அடுத்துச் செய்ததுதான் இதில் உருப்படியான வேலை. முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்னவற்றை முன்னாலும் மாற்றிப் போட்டேன். ஸ்டியரிங் அமைதியாகிவிட்டது, அதே 95-ல் சீட்டும் தரையும் அதிர ஆரம்பித்தன. குறை சக்கரத்தோடு சேர்ந்து பின்னால் போயிருக்கிறது, சஸ்பென்ஷனுக்குச் சம்பந்தமில்லை. பொதுவாக முன்சக்கரக் குறை கையில் தெரியும், பின்சக்கரக் குறை உட்காருமிடத்தில் தெரியும். காசு செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் ஸ்ட்ரட், லோயர் ஆர்ம் என்று சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றிப் பணத்தைக் கொட்டியவர்களை எனக்கே தெரியும்.

சங்ககிரி லாரிகளின் ஊர். அங்கே லாரி டயரோடு வயதான ஒரு பெரியவரிடம் காட்டினேன். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினார். செங்கல் மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து, அதன் நுனி டயரின் பட்டன் பக்கம், அதாவது தரையைத் தொடும் பக்கம், பட்டும் படாமலும் இருக்கும்படி நகர்த்திவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். ஒரு இடத்தில் நுனி உரசியது, எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி. பிறகு அதே நுனியை ரிம்மின் விளிம்புக்குக் கொண்டுபோனார். ரிம் ஆடவே இல்லை.

"வெயிட்டு கம்மின்னா ஒட்டலாம் தம்பி. வட்டமே கோணலா இருந்தா என்னத்த ஒட்டறது?" என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுக்க விட்டார்.

அவர் சொன்னதுதான் மொத்த விஷயமும். டயர் ஒரே வார்ப்பு கிடையாது. நூலிழை அடுக்கு, எஃகுக் கம்பி பெல்ட், மேலே ரப்பர்ப் பட்டை என்று ஒவ்வொன்றாகச் சுற்றி ஒட்டி, அச்சுக்குள் வைத்துச் சூடாக்கி எடுப்பது. பட்டைகளின் முனைகள் சேரும் இடத்தில் தடிப்போ விறைப்போ கொஞ்சம் கூடினால், அந்த இடம் தரையைத் தொடும்போதெல்லாம் சக்கரத்தின் அச்சுத்தண்டை மேலே உந்தும். பேலன்சிங் மெஷின் சக்கரத்தைக் காற்றில் சுற்றிப் பார்க்கிறது, மேலே காரின் பாரம் இல்லை. அதனால் இந்த உந்தல் அதன் கண்ணில் படாது. டயரின் மேல் உருளையை அழுத்தி, பாரத்தோடு சுற்றிப் பார்க்கும் ரோட் ஃபோர்ஸ் மெஷின்கள் உண்டு. தெருமுனைக் கடைகளில் அவற்றை எதிர்பார்க்க முடியாது.

டயரைக் கழித்துக்கட்டும் முன் ரிம்மின் மேல் அரைச்சுற்று திருப்பிப் போட்டும் பார்க்கலாம். ரிம்மின் சின்ன மேடும் டயரின் மேடும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் பிரிந்துவிடும். புது டயரின் பக்கச்சுவரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம், காற்று வால்வுக்கு நேராக வைக்க வேண்டும். சிவப்புப் புள்ளி பெரும்பாலும் மேடான இடத்தைக் குறிப்பது. எனக்குத் திருப்பிப் போட்டதில் நடுக்கம் குறைந்தது, போகவில்லை.

வாரண்டியில் கேட்டேன். கம்பெனி ஆள் வந்து அளந்து பார்த்து ஒப்புக்கொண்டார். தேய்ந்த பட்டன் ஆழத்துக்குக் கணக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டு மீதிக்கு வேறு டயர் கொடுத்தார்கள். அது வந்ததும் நடுக்கம் மொத்தமாகப் போயிற்று. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. அதே செட்டில் மற்ற மூன்றும் ஒழுங்காக உருண்டன, ஒரு டயரை வைத்து ஒரு கம்பெனிக்குச் சான்றிதழ் எழுத முடியாது.

ஆனால் அந்த செட்டின் குணம் பற்றி எழுதலாம். ரப்பர் கெட்டியான ரகம். தேய்மானம் மெதுவாகத்தான் வந்தது, மைலேஜும் நன்றாகவே கிடைத்தது. மழையில் பிரேக் போட்டால் நம்பிக்கை வராது. தொப்பூர் இறக்கத்தில் ஈரச்சாலை என்றால் நான் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய்விடுவேன். பாதி தேய்ந்தபிறகு பட்டன்களின் ஒரு முனை மட்டும் உயர்ந்து, 60-லேயே ஹூம் என்று ஒரு சத்தம் கிளம்பியது. வீல் பேரிங் போய்விட்டதோ என்று சந்தேகப்பட வைக்கும் சத்தம். குறுக்கே மாற்றிப் போட்டதும் சில நூறு கிலோமீட்டரில் தணிந்தது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்ததைக் காட்டும் அடையாளம் வரும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் முன்னதாகவே அந்த செட்டைக் கழற்றிவிட்டேன்.

இப்போது ஓடுவது வேறு கம்பெனியின் மென்மையான ரகம். வாங்கும்போது முதலில் பார்த்தது தயாரிப்புத் தேதி. பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அது, 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். அப்புறம், பேலன்சிங் மெஷினில் சுற்றும்போது எண்ணைப் பார்க்காமல் டயரைப் பார்த்தேன். பட்டன் விளிம்பு மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா, பக்கவாட்டில் நெளிகிறதா என்பது அங்கேயே தெரியும். ஒரு டயர் 60 கிராமுக்கு மேல் வெயிட் கேட்டது. திருப்பிப் போடச் சொன்னேன், 25-ல் அடங்கியது. கடைக்காரர் முகம் சுளித்தார், சரி, பரவாயில்லை.

மழைக்காலத்தில் மண்ரோட்டில் போய்வந்தபின் திடீரென்று நடுங்கினால், ரிம்மின் உட்புறம் ஒட்டிய சேற்றைக் கழுவினாலே போதும். நெடுநாள் நிறுத்திவைத்த காரில் டயர் தட்டையாகிக் கொஞ்சம் ஓடிச் சூடானதும் சரியாகும், ரொம்ப நாள் நின்றிருந்தால் ஆகாது. பிரேக் போடும்போது மட்டும் என்றால் டிஸ்க், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். வெளியில் வாங்கிய அலாய் ரிம் போட்டவர்கள் நடு ஓட்டையின் அளவைப் பார்க்க வேண்டும். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் அந்த ஓட்டை உட்காரும் ஹப் 54.1 மில்லிமீட்டர், அலாய் ஓட்டை அதைவிடப் பெரிதாக இருந்தால் நடுவே வளையம் போடாமல் சக்கரம் மையத்தில் உட்காராது. 30, 40 வேகத்திலேயே வண்டி பக்கவாட்டில் அசைந்து, அது நாளுக்கு நாள் கூடினால் மட்டும் பேலன்சிங் பக்கமே போகாதீர்கள். உள்ளே பெல்ட் பிரிந்துகொண்டிருக்கலாம், அந்த டயரோடு நெடுஞ்சாலை ஏறக் கூடாது. பக்கச்சுவரில் வீக்கம் கண்டாலும் அப்படித்தான்.

புது செட்டில் 100-ல் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்துப் போகலாம், மழையில் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது. டயருக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் கூட ஆயிற்று. மைலேஜ் லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. பக்கச்சுவர் மெலிது என்பதால் பள்ளத்தில் விழுந்தால் பயமாக இருக்கிறது, தேய்மானமும் பழையதைவிட வேகமாகத்தான் போகிறது. முப்பத்தைந்தாயிரம் தாண்டினால் ஆச்சரியம்.